முட்டிச் சில்லும் மூணு வழுக்கலும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. தீஸிஸ் எழுதிட்டிருந்தேன்னு சொன்னா என் கைடே சிரிப்பார். நிஜக் காரணம் ஒரு முட்டி. என்னோடது இல்லை, பெரியம்மா பொண்ணோட பொண்ணுக்கு.

கொலம்பஸ்ல எனக்கு இருக்கற ஒரே சொந்தம் இந்த அக்கா வீடுதான். வாரக்கடைசியில ரசம் சாதம் கிடைக்கும், பதிலுக்கு டிரைவர் வேலை பார்க்கணும். பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கறா, வாலிபால் ஆடறா. சும்மா ஆடறான்னு சொல்லிட முடியாது. ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும் பள்ளிக்கூட டீம், அப்புறம் கோடை வரைக்கும் கிளப் டீம். நடுவுல கிடைக்கற நேரத்துல ஹோம்வொர்க், தூக்கம் எல்லாம். அவ என்னை மாமான்னு கூப்பிடறா, நான் அவ அப்பாவை மாமான்னு கூப்பிடறேன். அந்த வீட்ல யாராவது "மாமா"ன்னா ரெண்டு தலை திரும்பும் :-)

அக்டோபர் மாசம் ஒரு பள்ளிக்கூட மேட்ச். நானும் அக்காவும் பெஞ்சுல உக்காந்திருக்கோம். பந்தை அடிச்சிட்டு இடது கால்ல இறங்கினா. பாதம் தரையில ஊனிருச்சு, உடம்பு மட்டும் திரும்பிருச்சு. அவ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. கிட்ட ஓடிப் பார்த்தா முட்டிச் சில்லு இருக்கவேண்டிய இடத்துல ஒரு பள்ளம், வெளிப்பக்கமா ஒரு மேடு. பள்ளிக்கூடத்து டிரெய்னரம்மா பதறாம காலை மெதுவா நீட்டவெச்சாங்க. சில்லு தானா உள்ளே போய் உக்காந்துருச்சு. அஞ்சு நிமிஷத்துல முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிருச்சு.

கொஞ்சம் அனாடமி சொல்லியே ஆகணும். தூக்கம் வர்றவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. (நான் படிக்கிறது கான்கிரீட். இதை வெச்சு யாரும் உங்க வீட்டு முட்டிக்கு முடிவெடுக்காதீங்க சாமி!) நம்ம ஊர்க் கிணத்துல ராட்டினம் இருக்கும்ல, அதுல கயிறு ஓடற பள்ளம் இருக்கும்ல, அந்த மாதிரி தொடை எலும்பு முடியற இடத்துல ஒரு பள்ளம் இருக்கு. காலை மடக்கி நீட்டறப்போ சில்லு அந்தப் பள்ளத்துலதான் ஏறி இறங்கும். வெளிப்பக்கமா நழுவாம இருக்க, உள்பக்கத்துல ஒரு ஜவ்வு சில்லைத் தொடை எலும்போட கட்டி வெச்சிருக்கு. எம்.பி.எஃப்.எல்.னு பேரு. ஒரு தடவை சில்லு முழுசா வெளியே போச்சுன்னா இந்த ஜவ்வு அனேகமா கிழிஞ்சிரும். சில பேருக்குப் பிறவியிலேயே பள்ளம் ஆழமில்லாம தட்டையா இருக்கும், சில்லு கொஞ்சம் மேலே ஏறி உக்காந்திருக்கும். அவங்களுக்கு இது திரும்பத் திரும்ப நடக்க வாய்ப்பு ஜாஸ்தி.

முதல் டாக்டர் எம்.ஆர்.ஐ. பார்த்தார். ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆனா எலும்புத் துணுக்கோ குருத்தெலும்புத் துணுக்கோ உடைஞ்சு உள்ளே மிதக்கலை. முதல் தடவை வேற. அதனால கத்தி வேண்டாம், பிரேஸ் போடு, மூணு மாசம் பிசியோ போன்னுட்டார். இதுல தப்பே இல்லை. மிதக்கற துண்டு இல்லாத முதல் நழுவலுக்குப் பொதுவா இதுதான் வழி. 2004ல கலிபோர்னியாவுல வந்த ஒரு ஆய்வை மாமா தேடி எடுத்துட்டு வந்தார். முதல் தடவை நழுவினவங்கள்ல அடுத்த ரெண்டுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபடி நழுவினது 17 சதவீதம். ஏற்கெனவே நழுவின சரித்திரம் உள்ளவங்களுக்கு 49 சதவீதம். நாம முதல் கட்சி, ஆறுல ஒண்ணுதான்னு வீடே நிம்மதியாச்சு.

இந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும்.

ஊர்ல இருந்து பெரியம்மா வாட்ஸ்அப்ல வந்தாங்க. "வயசுப் புள்ளைக்கு முட்டியில கத்தி வெக்கிறதா? புத்தூருக்குக் கூட்டிட்டு வாங்கடி, ஒரு கட்டுல சரியாப் போயிரும்." ஒஹாயோவுல இருந்து புத்தூருக்கு எத்தனை பிளைட் மாறணும்னு அக்கா கணக்கு சொன்னா. சரி அப்போ முடக்கத்தான் தோசையாவது போட்டுக் குடுன்னு இறங்கி வந்தாங்க.

ஜனவரிக் கடைசியில பிசியோ முடிஞ்சு, ஆடலாம்னு சீட்டு வந்தது. பிப்ரவரி முதல் வாரம், பிராக்டிஸ் முடிச்சு கார்ல கூட்டிட்டு வர்றேன். வெளியே பனி. பொண்ணு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு சொன்னா. "மாமா, அம்மாட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

இன்னிக்கு பிராக்டிஸ்ல மறுபடி வழுக்கிச்சாம். முழுசா இல்லை, பாதி போய்த் திரும்பி வந்துருச்சாம். அதோட நிக்கலை. பன்னெண்டு வயசுல பரதநாட்டிய கிளாஸ்ல அரைமண்டியில இருந்து எழுந்திரிக்கறப்போ ஒரு தடவை இதே மாதிரி ஆயிருக்கு. டீச்சர்கிட்ட சுளுக்குன்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம்தான் டான்ஸ் புடிக்கலைன்னு நின்னிருக்கா. அக்கா இன்னிக்கு வரைக்கும் அது வாலிபால் மோகத்துலன்னு நினைச்சிட்டிருந்தா.

ஆக, ஒண்ணு இல்லை. மூணு. முதல் கட்சியே நாம இல்லை.

நான் என்ன பண்ணியிருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் என்ன பண்ணினேன்னா, "சரி, சொல்லலை, ஆனா பார்த்து ஆடு"ன்னேன். நம்பிச் சொன்ன புள்ளையைக் காட்டிக் குடுக்கறதான்னு ஒரு பெருந்தன்மை. ஒம்பது நாள் வாயைத் திறக்கலை. அந்த ஒம்பது நாள்ல நாலு பிராக்டிஸுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன்.

பத்தாம் நாள் வீக்கத்தை அக்காவே பார்த்துட்டா. இன்னொரு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கினா. முந்தின நாள் ராத்திரி பொண்ணுகிட்ட சொன்னேன்: "நீ சொல்றியா, நான் சொல்லவா?" அழுதா. ஏன் மறைச்சேன்னு அப்போதான் சொன்னா. இங்கே டிவிஷன் ஒண்ணு காலேஜ் வாலிபால் கோச்சுங்க ஒரு பொண்ணுகிட்ட நேரடியா பேச ஆரம்பிக்கறது பத்தாவது முடிஞ்ச கையோட வர்ற ஜூன் 15ல இருந்துதான். அதுக்கு முன்னாடி கிளப் சீசன்ல அவங்க வந்து பார்த்துக் குறிச்சு வெச்சுக்குவாங்க. இந்த நாலு மாசம் கோர்ட்ல இல்லைன்னா யார் பட்டியல்லயும் பேர் இருக்காதுன்னு அவ பயம். அது வீண் பயம்னு என்னால சொல்ல முடியலை.

ரெண்டாவது டாக்டர் ஒரு பெண்மணி. ஸ்கேனைத் திறக்கறதுக்கு முன்னாடி அவங்க கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் எத்தனை தடவை?" அதையும் பெத்தவங்ககிட்ட கேக்கலை, நேரா பொண்ணுகிட்ட. அவ என்னைப் பார்த்தா, கீழே பார்த்தா, "மூணு"ன்னா. அக்கா அவளைப் பார்க்கலை. என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை... அக்கா தம்பி இருக்கறவங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அப்புறம் பேச்சே வேற மாதிரி போச்சு. புது எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. பள்ளம் தட்டை. சில்லு உயரத்தை அளக்க ஒரு விகிதம் இருக்கு, 1.2க்கு மேல போனா உயரம்னு அர்த்தம், இவளுக்கு 1.3. கீழ் எலும்புல தசைநார் ஒட்டற இடம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்குன்னு இன்னொரு அளவு. 20 மில்லிமீட்டரைத் தாண்டினா எலும்பையே வெட்டி நகர்த்தறதைப் பத்தி யோசிப்பாங்க, இவளுக்கு 15தான், தப்பிச்சோம். இடது கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. முட்டிக்கு எதுக்குக் கைன்னு மாமா கேட்டார். எலும்போட வயசைக் கையிலதான் பார்ப்பாங்களாம். வளர்ற புள்ளைங்களுக்குத் தொடை எலும்பு நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒண்ணு இருக்கு, புது ஜவ்வு கட்டறதுக்குத் துளை போடற இடம் அதுக்கு ரொம்பப் பக்கம். துளை அங்கே பட்டுட்டா கால் கோணலா வளரும். பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு இதே ஆபரேஷன் பேச்சே வேற. இவளுக்கு அனேகமா மூடிட்டது.

இன்னொண்ணும் இருந்தது. சில்லோட அடிப்பக்கக் குருத்தெலும்புல சின்னதா ஒரு தேய்வு. அக்டோபர் ஸ்கேன்ல அது இல்லை. அந்த பிப்ரவரி வழுக்கல்லயே வந்ததா, இல்லை அதுக்கப்புறம் ஆடின நாள்கள்லயான்னு கேட்டேன். பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஜவ்வைப் புதுசாக் கட்டிக்கலாம், குருத்தெலும்பு முன்னே இருந்த மாதிரி திரும்ப வளராது. நாலு பிராக்டிஸ், நான் ஓட்டின வண்டி. இதை எழுதறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு எனக்கு.

வீட்ல வந்து சபை கூடிச்சு. மாமா அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். பேட்ரிக் மஹோம்ஸை இழுத்தார். 2019 அக்டோபர்ல ஆட்டத்துக்கு நடுவுல சில்லு நழுவிச்சு, கத்தியே வெக்கலை, ரெண்டே ஆட்டம்தான் ஆடலை, 2020 பிப்ரவரியில சூப்பர் பவுல் ஜெயிச்சார். அக்கா கேட்டா, "அவருக்கு வயசு 24. இவளுக்கு எத்தனை? அவருக்கு அதுக்கு முன்னாடி எத்தனை தடவை போச்சுன்னு இவ மறைச்ச மாதிரி மறைச்சாரா?" மாமா அடங்கிட்டார். அடுத்து இன்சூரன்ஸ். டிசம்பர்லயே செஞ்சிருந்தா முதல் ஸ்கேனோட அந்த வருஷத்துக்கு நம்ம கைக்காசு வரம்பு முடிஞ்சிருந்தது, ஜனவரி 1ல மறுபடி சுழியத்துல இருந்து ஆரம்பிச்சிருச்சேன்னு புலம்பினார். புலம்பல் நியாயம்தான், ஆனா பொண்ணு முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம்.

ஆபரேஷன்ல என்ன பண்றாங்கன்னா, தொடைக்குப் பின்பக்கத் தசைநார்ல ஒண்ணை எடுத்து (சில சமயம் தானம் வந்ததை வெச்சு) கிழிஞ்ச ஜவ்வு இருந்த இடத்துல கட்டறாங்க. ரொம்ப இறுக்கிட்டா முட்டி வலிக்கும், மடங்காது. சில்லுல துளை போடறதால அது உடையறதும் அபூர்வமா உண்டு. தட்டைப் பள்ளம் தட்டையாத்தான் இருக்கும், அதை இதுல சரி பண்றதில்லை. திரும்ப கோர்ட்ல இறங்க ஆறுல இருந்து ஒம்பது மாசம். டாக்டரம்மா எதையும் மறைக்கலை. பண்ணாம இருந்தா செத்தா போயிடுவா? இல்லை. வாலிபாலை விட்டுட்டு, பிசியோவை விடாமப் பண்ணினா நிறைய பேர் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா தாவற ஆட்டத்தையும் ஆடணும், கத்தியும் வேண்டாம்னா, ஒவ்வொரு வழுக்கலுக்கும் குருத்தெலும்புல கொஞ்சம் கூலி குடுக்கணும்.

அக்காவுக்கு ஜூலை வரைக்கும் தள்ளிப் போடலாமான்னு ஒரு சபலம். கிளப் சீசனும் முடியும், ஜூன் 15ம் தாண்டிரும். அவ மட்டும் இல்லை, உண்மையைச் சொன்னா எனக்கும்.

பொண்ணு அதுவரைக்கும் பேசவே இல்லை. அப்புறம் சொன்னா, பாதி இங்கிலீஷ் பாதி தமிழ்ல. "நான் இப்போ ஜம்ப்பே பண்றதில்லைம்மா. ரைட் கால்லதான் லேண்ட் பண்றேன். கோச் ரெண்டு தடவை கேட்டாச்சு. ஜூன் வரைக்கும் இப்படி ஆடினா என்னைப் பார்க்க வர்றவங்க எதைப் பார்ப்பாங்க?"

நாங்க மூணு பேரும் ஆறு மாசம், ஒம்பது மாசம், 17, 49னு பேசிட்டிருந்தப்போ அவ ஏற்கெனவே ஆட்டத்துல பாதியை இழந்துட்டு நின்னுட்டிருந்தா. அதைக் கேக்கணும்னு எங்களுக்குத் தோணலை.

மார்ச் கடைசியில தேதி குடுத்திருக்காங்க. கையெழுத்து பெத்தவங்கதான் போடணும், ஆனாலும் டாக்டரம்மா அவகிட்டயும் கேட்டாங்க. கோச்சுக்கு அவளே மெயில் எழுதினா. ஜூன்ல வீடியோவும் பழைய ஆட்டங்களும் அனுப்பலாம், பதினொண்ணாவதுலயும் ஆள் எடுப்பாங்கன்னு அவர் பதில் போட்டிருக்கார். ஆறுதலுக்குச் சொன்னாரா நிஜமான்னு போகப் போகத் தெரியும்.

அக்கா என்கூட மூணு நாள் பேசலை. நாலாம் நாள் போன் பண்ணி, "ஆபரேஷன் அன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்துட்டு வந்துருடா"ன்னா. பெரியம்மா முடக்கத்தான் பொடி கூரியர்ல அனுப்பியிருக்காங்க, கஸ்டம்ஸ்ல என்ன பொடின்னு கேட்டா நான்தான் போய்ப் பதில் சொல்லணுமாம்.

வீட்ல யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தா ஒரு வரி எழுதுங்க. அவ ரூம் மாடியில, பாத்ரூம் கீழே. முதல் ரெண்டு வாரம் ஊன்றுகோலோட எப்படிச் சமாளிச்சீங்க?