அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறோம். சென்ற மாதம் படிவம் நான்கு படிக்கும் மாணவி ஒருவர் சுருட்டிய மணிலா அட்டையுடன் வந்தார். பள்ளியில் கணிதக் கண்காட்சியாம். "சார், பகா எண் கண்டுபிடிக்கிற ஃபார்முலா கிடைச்சிருச்சு!" என்று அட்டையை விரித்தார்.

அதில் நான்கு வரிகள்: 2² − 1 = 3, 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31, 2⁷ − 1 = 127. நான்கு விடைகளும் பகா எண்கள்தான். அடியில் தடித்த எழுத்தில், "2-க்கு ஒரு பகா எண்ணை அடுக்காகப் போட்டு 1-ஐக் கழித்தால், எப்போதும் பகா எண்ணே வரும்" என்று எழுதியிருந்தார்.

அடுத்த பகா எண் 11. அதையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 2¹¹ என்பது 2048. ஒன்று போனால் 2047. அவர் 3, 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனார். 23-க்கு வந்ததும் மீதியில்லாமல் வகுபட்டுவிட்டது. 23 × 89 = 2047. முகம் வாடிவிட்டது.

ஆனால் அட்டையைக் கிழிக்கத் தேவையில்லை. அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் அது உண்மை: ஓர் எண்ணை இரண்டு முறையோ அதற்கு மேலோ தன்னோடு பெருக்கி, 1-ஐக் கழித்து, விடை பகா எண்ணாக வந்தால், பெருக்கிய எண் 2-ஆகத்தான் இருக்க வேண்டும். அடுக்கும் பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும். இதை நிரூபிக்க ஆறாம் ஆண்டுக் கணிதமே போதும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நம் பிள்ளைகள் இதை 'நொம்போர் பெர்டானா' என்றே பழகிவிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் 'பெர்டானா மந்திரி'தான் நினைவுக்கு வருகிறார். 'பகா எண்' என்பதோ பகுக்க முடியாத எண் என்று தன் குணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எப்போதெல்லாம் பகுத்துவிட முடியும் என்று பார்ப்பது.

முதலில் 10-ஐ எடுத்துக்கொள்வோம். 99, 999, 9999 என்றுதான் விடைகள் வரும். எல்லாமே 9-ஆல் வகுபடும். 7-ஐ எடுத்தால் 48, 342, 2400. எல்லாமே 6-ஆல் வகுபடும். இது தற்செயலா? இல்லை.

ஏழு ரம்புத்தான் பழங்களை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். இப்போது பைக்கு ஏழு பழமாக ஏழு பைகள் இருக்கட்டும், மொத்தம் 49. ஒவ்வொரு பையிலும் ஒன்று மிஞ்சும், ஆக மிச்சம் ஏழு. அந்த ஏழையும் அதே ஆறு பேருக்குப் பங்கிட்டால் மறுபடியும் ஒன்றே மிஞ்சும். அப்படிப்பட்ட 49 பழங்கள் கொண்ட ஏழு பெட்டிகள் என்றாலும் இதே கதைதான். எத்தனை அடுக்கு போனாலும் கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு பழம். அந்த ஒன்றைத்தான் நாம் கழிக்கிறோம்! பிறகு மீதி ஏது?

எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். 10 என்றால் ஒன்பது பேர், 15 என்றால் பதினான்கு பேர். அடுக்கு இரண்டோ அதற்கு மேலோ இருப்பதால் மொத்தப் பழங்கள் ஆட்களைவிட அதிகம். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் கிடைக்கும் என்பதால் அது உண்மையான பகுப்புதான். தப்பிக்கும் ஒரே எண் 2. அங்கே பங்கிட்டுக்கொள்ள ஒருவர்தான் இருக்கிறார். ஒருவருக்கே எல்லாவற்றையும் கொடுப்பது பங்கீடு ஆகாது அல்லவா!

சரி, 2 மட்டும் மிஞ்சியது. இனி அடுக்கைப் பார்ப்போம். அடுக்கு 6 என்றால், ஆறு இரண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கலாம். 2⁶ என்பது 4³ ஆகிவிடும். இப்போது பெருக்கப்படும் எண் 4, பங்கிட மூன்று பேர் வந்துவிட்டார்கள்! 63 = 3 × 21. அடுக்கு 15 என்றால் மும்மூன்றாகச் சேர்த்து 8⁵ என்று எழுதலாம். ஏழு பேர். 32767 = 7 × 4681. அடுக்கைப் பகுக்க முடிந்தால், 2 போட்ட வேடம் கலைந்துவிடுகிறது. ரம்புத்தான் கணக்கு மறுபடியும் வேலை செய்கிறது. ஆகவே விடை பகா எண்ணாக இருக்க, அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும்.

மாணவி சறுக்கிய இடமும் இதுதான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் இந்த வழியில் பகுக்க முடியாது, அவ்வளவே. முன்வாசல் பூட்டியிருப்பதால் வீட்டுக்குப் பின்வாசலே இல்லை என்றாகிவிடாது. 2047-க்கு 23 என்ற பின்வாசல் இருந்தது.

பெரிய அறிஞர்களும் இங்கே தவறியிருக்கிறார்கள். இவ்வகைப் பகா எண்களுக்குத் தம் பெயரையே தந்த பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென், 257 வரையிலான அடுக்குகளில் எவையெல்லாம் பகா எண் தரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67, 257 ஆகிய இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டிருந்தன. பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டது 1947-இல்தான்.

2⁶⁷ − 1 என்ற 21 இலக்க எண் பகா எண் அல்ல என்று 1876-இல் லூக்கா நிரூபித்தார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவருக்குத் தெரியாது. 1903-இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றைக் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. கணிதக் கூட்டமொன்றில் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் இதைப் பெருக்கிக் காட்டிவிட்டு அவர் போய் உட்கார்ந்தார் என்றும், அரங்கமே கைதட்டியது என்றும் ஒரு கதை உண்டு.

இன்று இந்த வேட்டையைக் கணினிகள் நடத்துகின்றன. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணின் அடுக்கு 136279841. அந்த அடுக்கும் ஒரு பகா எண்தான்! விடையில் 41 மில்லியனுக்கும் அதிகமான இலக்கங்கள். இதோடு சேர்த்து நமக்குத் தெரிந்த மெர்சென் பகா எண்கள் 52. இவற்றுக்கு முடிவு உண்டா, இல்லை வந்துகொண்டே இருக்குமா என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

மாணவி அட்டையின் பின்பக்கத்தில் புதிதாக எழுதிக்கொண்டு போனார். ரம்புத்தான் படம்கூட வரைந்திருந்தார். அடியில் ஒரு போட்டி: 2¹³ − 1 = 8191, 2²³ − 1 = 8388607. இரண்டில் ஒன்று மட்டுமே பகா எண். மற்றதைப் பகுத்துக் காட்டுபவருக்கு ஒரு பெட்டி மைலோ. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். 47 வரை பொறுமை வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.