டேவன்போர்ட்டில் இருக்கும் விவாகரத்துத் தாள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் டேவன்போர்ட் என்றொரு சிற்றூர். லிங்கன் கவுன்ட்டியின் தலைமையிடம் அதுதான். கவுன்ட்டி முழுவதையும் சேர்த்தாலும் 2020 கணக்கெடுப்பில் 11,000 பேர் தேறவில்லை. ஆனால் அங்குள்ள நீதிமன்றத்தில் இருக்கும் விவாகரத்துக் கோப்புகள் உள்ளூர்க்காரர்களுடையவை மட்டும் அல்ல. கணவனும் மனைவியும் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், நேரில் வராமல் தபாலிலேயே வழக்கை முடித்துக்கொள்ள அந்த நீதிமன்றம் இடம் கொடுத்தது. அதனால் மாநிலத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் மனுக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. சியாட்டில் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தமிழரின் விவாகரத்துத் தாள், அவர் ஒருமுறைகூடக் கால் வைக்காத, சுமார் 400 கி.மீ. தள்ளியிருக்கும் இந்த ஊரில் இருக்கலாம்.

வழக்கு முடிந்தபோது யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. பல வருடம் கழித்து மறுமணம் கூடிவரும். புதுத் துணைக்குக் கிரீன் கார்டு விண்ணப்பிக்கும்போது, முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் எங்கே என்று குடியேற்றத் துறை கேட்கும். பத்து வருடமாவது நீடித்த திருமணம் என்றால், மறுமணம் செய்துகொள்ளாதவருக்கு 62 வயதுக்குப் பிறகு முன்னாள் துணையின் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி உதவித்தொகை கேட்க வழி உண்டு. அதற்கும் இதே தாள் வேண்டும். அப்போதுதான் வீட்டில் தேடுதல் வேட்டை ஆரம்பமாகும். கிடைப்பது பெரும்பாலும் வக்கீல் அனுப்பிய ஜெராக்ஸ். பல அலுவலகங்களில் அது எடுபடாது.

அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. மத்திய அரசிடம் அதற்கென்று ஒரு பதிவேடு கிடையாது. மத்திய நீதிமன்றங்களின் இணையதளத்தில் தேடுவதும் வீண் வேலை. திருமணம் எங்கே நடந்தது, இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. வழக்கு எந்தக் கவுன்ட்டியில் தாக்கலானதோ அந்த நீதிமன்றத்தின் கிளார்க்கிடம்தான் கோப்பு இருக்கும்.

கவுன்ட்டி எது என்று மறந்துவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறையிடம் 1968 முதலான விவாகரத்துப் பதிவுகள் இருக்கின்றன. அது தரும் சான்றிதழில் இருவர் பெயர், தேதி, கவுன்ட்டி தெரியும். பிள்ளை யாரிடம், வீடு யாருக்கு என்பதெல்லாம் அதில் இராது. அதனால் அந்தச் சான்றிதழே போதும் என்று நின்றுவிடக் கூடாது.

கையில் பழைய கடிதமோ ரசீதோ இருந்தால் வழக்கு எண்ணைப் பாருங்கள். 12-3-00456-22 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் வழக்கு போட்ட ஆண்டு. அடுத்துள்ள 3, அது குடும்ப வழக்கு என்பதற்கு அடையாளம். நடுவில் இருப்பது வரிசை எண். கடைசி இரண்டு இலக்கம் பெரும்பாலும் கவுன்ட்டி: வாஷிங்டனின் 39 கவுன்ட்டிகளையும் ஆங்கில அகரவரிசையில் எண்ணினால் லிங்கன் 22. சியாட்டிலில் குடியிருந்தவர் தன் தாளில் 22-ஐப் பார்த்தால், தேட வேண்டிய இடம் டேவன்போர்ட்.

எண் இல்லையென்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும். மாநில நீதிமன்றங்களின் இணையதளத்திலேயே அந்த வசதி இருக்கிறது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். நமக்கு இருப்பது இனிஷியல்; அவர்களுக்கு வேண்டியது குடும்பப் பெயர். மு. செந்தில்குமார் பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் முருகேசன்' ஆகி, நீதிமன்ற அட்டவணையில் 'முருகேசன்' என்ற தலைப்பின் கீழ் போயிருப்பார். மனைவியின் பெயர் சில ஆவணங்களில் அவருடைய அப்பா பெயரோடும் சிலவற்றில் கணவர் பெயரோடும் இருக்கும். ஆகவே இருவர் பெயரிலும், பெயர்களை முன்பின்னாக மாற்றியும், ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிப் போட்டும் தேடுங்கள். கிளார்க்குக்கு எழுதும்போதும் எல்லா வடிவங்களையும் குறிப்பிடுங்கள். சிறிய அலுவலகம்; இருப்பது சில ஊழியர்கள்தான்; தமிழ்ப் பெயர் முறை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

நகல் கேட்க வக்கீல் தேவையில்லை. வாஷிங்டனில் விவாகரத்துக் கோப்பு பொது ஆவணம், யாரும் கேட்கலாம். தபாலில் கேட்பதானால் வழக்கு எண், இருவரின் முழுப் பெயர், தீர்ப்பான ஆண்டு, எந்த ஆவணம், எத்தனை நகல், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறையையும் வையுங்கள். சான்றிட்ட நகலுக்கு மாநிலச் சட்டம் வகுத்த கட்டணம் முதல் பக்கத்துக்கு 5 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 டாலர். அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கட்டணத்தையும், எந்த வகையில் செலுத்துவது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. விலாசத்தில் மாநிலப் பெயரை மறக்க வேண்டாம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் லிங்கன் கவுன்ட்டி இருக்கிறது; அயோவாவில் இதைவிடப் பெரிய டேவன்போர்ட்டே இருக்கிறது.

'எல்லா விவாகரத்துப் பதிவுகளும் ஒரே கிளிக்கில்' என்று அழைக்கும் தனியார் தளங்கள் உண்டு. அவை விற்பது தகவல் தொகுப்பு. கிளார்க்கின் முத்திரையும் கையெழுத்தும் அவற்றால் தர முடியாது. அதற்குப் பணம் கட்டுவது தண்டம்.

எந்தத் தாளைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். திருமணத்தை முடித்துவைக்கும் இறுதி ஆணை ஒன்று. பிள்ளை யாரிடம் எத்தனை நாள் என்று சொல்லும் பெற்றோர் திட்டம் வேறு. ஜீவனாம்சம் போலப் பிள்ளைக்குத் தர வேண்டிய மாதத் தொகை பற்றிய உத்தரவு இன்னொன்று. மூன்றும் ஒரே கோப்பில் தனித்தனி ஆவணங்கள். இறுதி ஆணை மட்டும் போதும் என்று வாங்கியவர், பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு மறுபடி எழுத வேண்டிவரும்.

இந்தியாவில் பயன்படுத்த வேண்டும் என்றால் கதையே வேறு. 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. 1975-இல் திருப்பதியில் திருமணம் செய்துகொண்ட ஒருவர், மிசௌரி மாநிலத்து நீதிமன்றத்தில் அங்கே 90 நாள் வசித்ததாகச் சொல்லி விவாகரத்து வாங்கி, இந்தியா வந்து மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணக் குற்றச்சாட்டுடன் நீதிமன்றம் போனார். அமெரிக்க ஆணை இங்கே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்தின் பேரில்தான் பிரிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மனமொப்பிச் சம்மதித்திருந்தால் அது விதிவிலக்கு. ஆணையின் வெறும் ஜெராக்ஸ் போதாது, முறைப்படி சான்றிட்ட நகல் வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது.

இது தபால் விவாகரத்து வாங்கியவர்களை நேராகத் தொடும் விஷயம். வாஷிங்டன் ஆணையில் காரணம் 'திருமண உறவு மீள முடியாதபடி முறிந்துவிட்டது' என்றுதான் இருக்கும். இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் கிடையாது. உங்களைக் காப்பாற்றக்கூடியது இருவரும் சம்மதித்தார்கள் என்பதுதான். ஆகவே இறுதி ஆணையோடு நின்றுவிடாமல், மறுதரப்பு மனுவில் சேர்ந்து கையெழுத்திட்ட பக்கங்களையும் சான்றிட்ட நகலாக வாங்குங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. என் பார்வையில் கோப்பிலேயே மதிப்புள்ள பக்கம் அதுதான். வாங்கிய நகலுக்கு வாஷிங்டன் மாநிலச் செயலர் அலுவலகத்தில், ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை பெறுங்கள். 2005 முதல் இந்தியாவும் அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியாவில் உள்ள குடும்ப நீதிமன்ற வக்கீலிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வைப்பது உத்தமம்.

பொது ஆவணம் என்றால் ஊரே படிக்கலாமே என்ற பயம் நியாயமானது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு போன்றவற்றை அதற்குரிய முகப்புத் தாளுடன் தாக்கல் செய்திருந்தால் அவை பொதுப் பார்வைக்கு வராது. முகப்புத் தாள் இல்லாமல் போயிருந்தால் அவற்றை மூடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்தவர்களின் முகவரியை மறைத்துவைக்க மாநிலமே தனித் திட்டம் நடத்துகிறது. ஆணையில் பெயர் பிழையாக இருந்தால் கிளார்க்கால் திருத்த முடியாது. அதே நீதிமன்றத்தில் சிறு மனு போட்டுத் திருத்த உத்தரவு வாங்க வேண்டும்.

மற்ற மாநிலங்களில் அலுவலகத்தின் பெயரே மாறும். விசா நிபந்தனைக்காகச் சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் மூன்று வருடம் வேலை பார்த்த நம் டாக்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், பென்சில்வேனியாவில் புரோதானட்டரி, டென்னசியில் சர்க்யூட், சான்சரி என்று இரண்டு நீதிமன்றங்களில் ஒன்றாக இருக்கலாம். நியூயார்க்கில் கோப்பு மூடப்பட்டது. தம்பதியும் அவர்களுடைய வக்கீல்களும் தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற உத்தரவின்றிக் காட்ட மாட்டார்கள். அங்கே ஊரிலிருந்து அப்பா போய்க் கேட்டாலும் கிடைக்காது.

இப்போது வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள், இறுதி ஆணை பதிவான வாரமே இரண்டு மூன்று சான்றிட்ட நகல் வாங்கி, வழக்கு எண்ணை நம்பிக்கையான ஒருவரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே முடிந்தவர்கள் இந்த வாரமே கிளார்க்குக்குக் கடிதம் போடுங்கள். விசா நேர்முகத் தேதி வந்த பிறகு எழுதினால், டேவன்போர்ட்டிலிருந்து தபால் வருவதற்குள் அந்தத் தேதி கடந்துவிடலாம்.