பால்மரத்தை விடியும் முன்பே வெட்டுவது ஏன்?

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடி, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய கதையைத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். “ஏன் பாட்டி, வெளிச்சம் வந்த பிறகு போயிருக்கக் கூடாதா?” என்று பட்டணத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு.

துரையும் மண்டோரும் விரட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தை உண்மையில் முடிவு செய்தது மரம்தான்.

குழாய்க்குள் அழுத்தம்

ரப்பர் பால் மரத்தின் சாறு அன்று. பட்டையின் உள்பகுதியில் ஓடும் மிக நுண்ணிய பால் குழாய்களில் அது தேங்கியிருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளியே விடுவது பெரும்பாலும் நின்றுவிடும். வேர் உறிஞ்சும் நீர் மரத்திலேயே தங்குவதால் பால் குழாய்கள் விம்மி நிற்கும். விடிவதற்கு முன் அந்த அழுத்தம் சுமார் 10 வளிமண்டல அளவை எட்டும். நம் கார் டயரில் அடைக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இது. உளி பட்டவுடன் பால் வேகமாக வழிவதற்குக் காரணம் இதுவே.

வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்கும். அழுத்தம் குறையும், பாலும் குறையும். தாமதமாக நிரைக்குப் போனவரின் வாளி நிறையாததற்கு அவருடைய கை மட்டும் காரணமில்லை.

சில மணி நேரம் வடிந்த பின் பால் தானாக நிற்பதையும் பார்த்திருப்போம். பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் வெட்டுவாயில் உடைந்து, அங்குள்ள பாலை உறைய வைத்து, குழாயின் வாயை அடைத்துவிடுகின்றன. நம் காயத்தில் இரத்தம் உறைவதைப் போன்ற ஏற்பாடு இது. வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை மறுமுறை உரித்த பிறகே உளி வைப்பார்கள். வடிந்த பாலை மரம் மீண்டும் உருவாக்க அவகாசம் தேவை என்பதால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் வழக்கமும் வந்தது.

கோடு ஏன் சாய்கிறது?

வெட்டுக்கோடு எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கும். பால் குழாய்கள் மரத்தைச் சுற்றி வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. அதற்கு எதிர்த் திசையில் சாய்த்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்; பாலும் கூடும்.

பால் குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் அடியில், மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலத்தை ஒட்டி. ஆழம் குறைந்தால் பால் இல்லை. சற்றுக் கூடினால் அந்தப் படலம் காயம்பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும். அளவுகோல் இல்லாமல், அரை இருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு காலையும் செய்யப்பட்ட வேலை அது.

பிரேசில் நாட்டு மரமான இதன் 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் அதே கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவும் முறையை வகுத்தவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. அந்த முறையைத் தோட்டம் தோட்டமாக நடைமுறையில் வாழவைத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

எறும்பும் அமிலமும்

பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் துகள்கள் ஒவ்வொன்றையும் புரதம் போர்த்தியிருக்கிறது. அவை எல்லாமே எதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் அழிந்து, துகள்கள் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு பட்டுப் பசும்பால் திரிவதும் இதே விதம்தான். மங்கில் விட்ட பால் மறுநாள் கட்டிப்பாலாவது, நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குவதால். கெடாமல் திரவமாகவே வைக்க வேண்டுமானால் அம்மோனியா ஊற்றுவார்கள்.

பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்துக்குப் பெயர் தந்தது எறும்பு. இலத்தீனில் ‘பார்மிக்கா’ என்றால் எறும்பு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பு கடித்து, கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் இந்த அமிலமே. நிரையில் கெரெங்காவிடம் கடிபட்டவர், ஸ்டோரில் பாலில் ஊற்றிய அதே பொருளைத் தன் தோலிலும் உணர்ந்திருக்கிறார்.

சம்பளத்தைச் சொன்ன மிதவை

பால் நிறுக்கும் இடத்தில் கிராணி ஒரு கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டுப் பார்ப்பார். அதன் பெயர் மெட்ரோலாக். ரப்பர் தண்ணீரை விட இலேசானது. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பாலில் மிதவை ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும். எத்தனை கிலோ பால் என்பதோடு, அதில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் என்பதும் கணக்கில் சேர்ந்தது. மங்கில் மழை விழுந்த நாளில் வாளி நிறைந்திருந்தும் கூலி குறைந்ததற்கு இதுவே காரணம். மிதவை எப்படி வேலை செய்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்லாததால், கிராணி ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் பல வீடுகளில் இருந்தது. கணக்கைப் புரிந்துகொண்டவரால்தான் கணக்கில் தவறு நடந்தால் கேட்கவும் முடியும்.

வீட்டில் கவனம்

சிறு தோட்டம் வைத்திருப்போர் சிலர் இன்றும் அமிலத்தை வீட்டில் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரைப் போலவே நிறமற்றது. குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்டு. அமிலத்தை அது வந்த கலத்திலேயே, பெயர் ஒட்டி, பூட்டி வையுங்கள். கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது, உளியை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வதைவிட, கையால் காட்டுவார்கள்.