பெயர்ப் பலகைத் தொழிலில் விலை உடைப்பு: கட்டுபடியாகும் விலை எது?

வியாபாரத்தில் போட்டி புதிதல்ல. ஒரு தெருவில் இரண்டு மளிகைக் கடை இருந்தால் துவரம்பருப்பில் இரண்டு ரூபாய் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்தப் போட்டி வாடிக்கையாளருக்கு நல்லது. நம்மையும் தூங்க விடாது. ஆனால் தன் அடக்க விலை என்னவென்றே தெரியாமல், அடுத்த கடைக்காரர் சொன்ன விலையில் ஐந்நூறைக் குறைத்துச் சொல்வது போட்டி ஆகாது. அது இருவருடைய முதலையும் தின்றுவிடும்.

இதை நம் பகுதியில் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் பெயர்ப் பலகைத் தொழிலைப் பார்க்கலாம். நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கடைகள் பெருகியபோது போர்டு செய்பவர்களும் பெருகினார்கள். இன்று அவர்களில் பலர் வேலை இருந்தும் பணம் இல்லாமல் திண்டாடுகிறார்கள். போர்டு வாங்குகிறவர்கள் நாம் என்பதால் இதில் நமக்கும் பங்கு உண்டு. அது மட்டுமல்ல, அவர்களுக்கு வந்த நோய் நம் மளிகைத் தொழிலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

தூரிகை போய் மிஷின் வந்தது

முன்பெல்லாம் கடைக்குப் பெயர் எழுத ஆர்ட்டிஸ்ட் வருவார். தகரத்திலோ சுவரிலோ எனாமல் பெயிண்டால் எழுதுவார். கூலியைச் சதுர அடிக்கோ எழுத்துக்கோ பேசிக்கொள்வோம். நல்ல கை உள்ளவருக்கு ஒரு விலை, கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு விலை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்ததால் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் அச்சு மிஷின்கள் ஊர் ஊராக வந்தன. எல்லா மிஷினும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடிக்கும். கைத்திறமையில் இருந்த வித்தியாசம் போனதும் மிச்சம் இருந்தது விலை ஒன்றுதான். மிஷினோ கடனில் வந்தது. வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். "மிஷின் சும்மா நிற்பதற்கு, பிளெக்சும் மையும் தேறினால் போதும்" என்று ஒருவர் விலையைக் குறைப்பார். ஒரு மாதத்தில் ஓரிரு வேலையை அப்படிச் செய்தால் தவறில்லை. ஆனால் அவர் சொன்ன விலையே அந்த வட்டாரத்துக்கு மார்க்கெட் விலை ஆகிவிடும். அதற்குப் பிறகு யாருடைய மிஷினும் தன் தவணையைத் தான் சம்பாதிக்காது.

இடையிடையே வேலை குவிந்த காலங்களும் வந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பதிவு எண்ணைக் கடை வாசல் பெயர்ப் பலகையில் காட்ட வேண்டியதாயிற்று. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது முகவரியில் இருந்த காஞ்சிபுரத்தை மாற்ற வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு மிஷின் வாங்கினால், கூட்டம் கலைந்த பிறகு விலையை உடைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

ஒரு போர்டின் கணக்கு

10 அடி நீளம், 3 அடி உயரம், விளக்கு இல்லாத சாதாரண போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கணக்கில் அது 30 சதுர அடி. ஆனால் சட்டத்தைச் சுற்றி மடித்து அடிக்க நாலு பக்கமும் 3 அங்குலம் விட வேண்டும். அப்போது பத்தரை அடிக்கு மூன்றரை அடி ஆகிறது. கையில் உள்ள ரோல் 4 அடி அகலம் என்றால் மீதி அரை அடி வீண். ஆக, ரோலில் இருந்து போவது 42 சதுர அடி. முப்பதுக்குக் காசு வாங்கிக்கொண்டு நாற்பத்திரண்டைக் கொடுக்கிறார். இதை எழுதி வைக்காதவருக்கு நஷ்டம் எங்கே போகிறது என்றே தெரியாது.

இனி ரூபாய்க் கணக்கு. புரிவதற்காக ரவுண்டாகப் போட்டிருக்கிறேன்; இதை மார்க்கெட் விலையாகக் கொள்ள வேண்டாம்.

பிளெக்ஸ், அச்சு: 42 சதுர அடிக்கு 15 ரூபாய் வீதம் 630
இரும்புச் சட்டம், வெல்டிங்: 1,800
மாட்டும் கூலி, இரண்டு ஆள்: 1,600
வண்டி வாடகை: 400
டிசைன் போட்ட கூலி: 300
கடை வாடகை, கரண்ட், மிஷின் தவணையில் இந்த வேலையின் பங்கு: 700
மொத்த அடக்கம்: 5,430

விற்கும் விலையில் நூற்றுக்குப் பதினைந்து லாபம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 6,400 சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் 4,800 என்கிறார். அவர் திருடரும் அல்ல, மந்திரவாதியும் அல்ல. டிசைனைத் தானே போட்டதால் அதற்குக் கூலி எழுதவில்லை. வாடகையும் தவணையும் மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவர் கணக்கில் அடக்கம் 4,430. கையில் 370 ரூபாய் நின்றதென்று சந்தோஷப்படுகிறார். உண்மையில் அவருக்கு 630 ரூபாய் நஷ்டம். இப்படி மாதம் இருபது போர்டு செய்தால் 12,600 ரூபாய் பள்ளம் விழும். அதை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.

விலையைக் குறைத்தால் வியாபாரம் கூடும் என்பவருக்கு

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: "குறைத்து விற்றாலும் எண்ணிக்கையில் எடுத்துவிடலாம்." எவ்வளவு எண்ணிக்கை என்று பார்ப்போம். நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளின் அடக்கம் 75, லாபம் 25. விலையில் பத்து ரூபாய் குறைத்தால் லாபம் 15. முன்பு ஆறு விற்றால் 150 கிடைத்தது. இப்போது அதே 150-க்குப் பத்து விற்க வேண்டும். பத்து சதவீதம் விலை குறைத்தவருக்கு மூன்றில் இரண்டு பங்கு வேலை கூடுகிறது. போர்டுக் கடையானால் கூடுதல் ஆள், கூடுதல் வண்டி. மளிகையானால் கூடுதல் சரக்கு, கூடுதல் முதல், கூடுதல் கடன் பாக்கி. பத்துக்கு ஒன்பது விற்றால்கூடப் பழைய லாபம் வராது. விலையில் கை வைக்கும் முன் கடைக்காரர் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தன் சரக்குக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

குறைந்த விலை எங்கே ஒளிந்திருக்கிறது

நஷ்டத்தை எத்தனை நாள் தாங்க முடியும்? கடைசியில் அது சரக்கில் இறங்கும். பிளெக்ஸ் மெலியும். சட்டத்து பைப்பின் கனம் குறையும். எல்.இ.டி. போர்டானால் உள்ளே இருக்க வேண்டிய விளக்குகளின் எண்ணிக்கை குறையும். மழை தாங்காத பவர் சப்ளை வைக்கப்படும். சுவரில் ஆறு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருக்கும். இவை எதுவும் மாட்டிய அன்று தெரியாது.

நாம் இருப்பது கடலோரம். உப்புக் காற்று மெல்லிய இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அந்தக் காற்றில் சட்டத்தின் கனமும் போல்ட்டின் எண்ணிக்கையும் சோதனைக்கு வந்தன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2019 செப்டம்பரில், பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் மீது விழ, அவர் பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அது அனுமதியில்லாமல் வைத்த பேனர். கடைப் பலகை அல்ல. ஆனாலும் தலைக்கு மேல் தொங்குகிற எதுவும் விளையாட்டுக் காரியம் அல்ல என்பதை அந்தச் சம்பவம் நாடு முழுவதற்கும் சொன்னது. உங்கள் கடை வாசலில் நிற்பவர் உங்கள் வாடிக்கையாளர். போர்டு அவர் மேல் விழுந்தால் மிச்சம் பிடித்த 1,600 ரூபாயைப் பற்றிப் பேச வாய் வராது.

"சங்கமே ரேட் போடட்டும்" என்பது பற்றி

போர்டு தொழில் நண்பர்கள் சிலர் சொல்லும் யோசனை இது: எல்லோரும் கூடிச் சதுர அடிக்கு ஒரு விலை வைப்போம், அதற்குக் கீழே செய்பவரை ஒதுக்குவோம். நம் மளிகை நண்பர்களிலும் இப்படிப் பேசுபவர்கள் உண்டு. வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தப் பாதையில் போகக் கூடாது.

2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதைத் தடை செய்கிறது. இப்பிரிவு 2009 மே 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிகர் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கு, விற்பனை லாப விகிதத்தைக் கட்டுப்படுத்தியது, தடையில்லாக் கடிதம் கேட்டது முதலான காரணங்களுக்காகப் போட்டி ஆணையம் 2013 பிப்ரவரியில் சுமார் 47 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய அமைப்புக்கே அந்த நிலை.

அப்படியானால் அடக்கத்துக்குக் கீழே விற்பவரை அதே சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். 4-ஆவது பிரிவில் அது இருக்கிறது. ஆனால் சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு செய்தால்தான் அது பொருந்தும். தெருக்கோடியில் ஒரு மிஷின் வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. அவர் தன் சொந்தக் காசை இழக்க அவருக்கு உரிமை உண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூடி வைத்த விலை நிற்பதுமில்லை. கூட்டத்தில் கை தூக்கியவரே வாசலைத் தாண்டியதும் "உங்களுக்கு மட்டும்" என்று குறைப்பார். தன் அடக்கம் தெரியாதவருக்கு எந்த விலையும் நிற்காது. தெரிந்தவருக்குச் சங்கம் விலை சொல்லத் தேவையில்லை. ஆகவே விலையை விட்டுவிட்டு, கணக்குப் போடும் முறையைச் சங்கம் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு கரும்பலகை, மேலே சொன்னது போல ஒரு போர்டின் கணக்கு. இதற்கு யாரும் தடை சொல்ல முடியாது.

வாங்குகிறவர்களான நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, விலை கேட்கும் முன் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: அளவு, பிளெக்ஸின் கனம், பைப்பின் கனம், விளக்குகளின் எண்ணிக்கை, மாட்டும் செலவு யாருடையது, எத்தனை மாத உத்தரவாதம். அதே தாளை மூவரிடமும் கொடுங்கள். கோலம் அரிசியையும் பொன்னியையும் பக்கத்தில் வைத்து விலையை மட்டும் ஒப்பிடுவோமா? போர்டிலும் அப்படித்தான்.

இரண்டாவது, போர்டில் என்ன எழுத வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில், பெரிதாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் வேண்டும். இணக்க வரி முறையில், அதாவது காம்போசிஷனில் இருப்பவர் அதையும் வாசல் பலகையில் குறிப்பிட வேண்டும். அவசரத்தில் அடித்த மலிவு போர்டில் இவை விட்டுப் போனால் இரண்டாவது போர்டுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பில் வாங்குங்கள். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பது குறைந்த விலை ஆகாது. ரெகுலர் முறையில் வரி கட்டுபவர், பில் இருந்தால் அந்த வரியை வரவு வைக்கலாம். உத்தரவாதம் கேட்கப் போகும் நாளிலும் கையில் ஒரு தாள் இருக்கும்.

நான்காவது, நாளுக்குப் பணம் கொடுங்கள். விலை உடைப்புக்கு நம் கடன் பாக்கியும் ஒரு காரணம். பழைய பாக்கி வராததால் புது வேலையை எந்த விலைக்காவது பிடித்து அட்வான்ஸ் வாங்கி அன்றைய செலவை ஓட்டுகிறார்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நம்மிடம் வாங்கிய சரக்குக்கு ஓட்டல்காரர் மூன்று மாதம் இழுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் சட்டமே தேவைப்படாது.

ஐந்தாவது, கம்பெனி கொடுக்கும் இலவச போர்டு. குளிர்பானக் கம்பெனி, செல்போன் கம்பெனி ஆட்கள் வந்து சும்மா மாட்டித் தருகிறார்கள். அதில் முக்கால் பங்கு அவர்கள் பொருள். ஓரத்தில் நம் கடைப் பெயர். கடையின் நெற்றியை விளம்பரத்துக்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுத்தால் சரி. குறைந்தபட்சம் பதிலுக்கு என்ன சலுகை என்று கேளுங்கள். உள்ளூர் போர்டுக்காரரை இதை விடக் குறைந்த விலையில் யாரும் அடிக்க முடியாது. அதற்கு இடம் கொடுப்பவர்கள் நாம்.

நமக்கும் இதே கதை

ஆன்லைன் கம்பெனிகளும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் அடக்கத்துக்குக் கீழே விற்கின்றன என்று நாம் கூட்டம் போடுகிறோம். நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024-இல் விரைவு டெலிவரி நிறுவனங்களுக்கு எதிராகப் போட்டி ஆணையத்தை அணுகியது. அது நியாயமான முயற்சி. ஆனால் அங்கே நியாயம் கேட்கும் நாம், இங்கே 6,400 சொன்ன போர்டுக்காரரிடம் "அவன் 4,800-க்குத் தருகிறான்" என்று மல்லுக்கு நின்றால் நம் வாதத்தில் வலு இருக்காது.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வள்ளுவர் வணிகருக்கென்றே ஒதுக்கினார். பிறர் பொருளையும் தன் பொருள் போல எண்ணிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. விற்கும்போது மட்டுமல்ல, வாங்கும்போதும் அது பொருந்தும்.

அடுத்த முறை போர்டு மாற்றும்போது மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் உங்களுக்குக் கட்டுபடி ஆகிறதா? கணக்கைச் சொல்லுங்கள்." கணக்குச் சொல்பவருக்கு வேலையைக் கொடுங்கள். சொல்லத் தெரியாதவருக்குச் சங்கத்தின் கணக்கு வகுப்பைக் காட்டுங்கள்.