குழந்தைக்கு முதல் ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கப் போறீங்களா? தஞ்சாவூர் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் சாயும், ஆடும், மறுபடி நிமிர்ந்து நிற்கும். அடிப்பாகத்தில் இருக்கும் கனம்தான் அதன் ரகசியம். தஞ்சைப் பிள்ளைகளுக்கு 'பேலன்ஸ்' பாடத்தை முதலில் நடத்தியதே அந்தப் பொம்மைதான். இப்போது லீவு விட்டதும் அதே வீடுகளில் பிள்ளைகள் கேட்பது ரிமோட் ஹெலிகாப்டர்.

ஆசையாக வாங்கிக் கொடுத்தது முதல் நாளே பக்கத்து வீட்டுத் தென்னையில் மாட்டிக்கொள்வதும், வாய்க்காலில் விழுந்து ஊறிப்போவதும் டெல்டா வீடுகளில் நடக்கிற கதைதான். பெரும்பாலும் தவறு பிள்ளை மீது இல்லை. பழகுவதற்கு ஏற்ற ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்காததுதான் காரணம்.

இரட்டை விசிறிதான் முதல் சாய்ஸ்

ஹெலிகாப்டரின் மேல் விசிறி ஒரு பக்கமாகச் சுழலும்போது, உடம்பு எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பெரிய ஹெலிகாப்டர்களில் வால் விசிறி வைக்கிறார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு அதைக் கையாள்வது சிரமம்.

'கோஆக்சியல்' எனப்படும் மாடலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர் திசையில் சுழலும். ஒன்றின் திருகு விசையை மற்றொன்று சமன் செய்துவிடும். மேலே எடை வைத்த ஒரு சின்னக் கம்பியும் இருக்கும். அது ஹெலிகாப்டர் சட்டென்று சாயாமல் பார்த்துக்கொள்ளும். தலையாட்டி பொம்மைக்கு ஊன்றிக்கொள்ளத் தரை இருக்கிறது. வானத்தில் தரை கிடையாது, அதனால்தான் இந்தக் கம்பியும், கூடவே 'கைரோ' என்ற சென்சாரும். பெட்டியில் 'கைரோ' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை சேனல்?

மேலே-கீழே ஒரு சேனல், இடம்-வலம் திரும்ப ஒன்று, முன்னே-பின்னே போக ஒன்று. ஆக, 3 சேனல் இருந்தால் பழகப் போதும். 2 சேனலில் முன்னே-பின்னே நம் கையில் இருக்காது, அதனால் சீக்கிரம் அலுத்துவிடும். 4 சேனலில் பக்கவாட்டிலும் நகரலாம், அது அடுத்த படி. 6 சேனல் ஹெலிகாப்டர் தலைகீழாகக்கூடப் பறக்கும், ஆனால் புதியவர் கையில் நொடியில் நொறுங்கும்.

ரிமோட்டையும் கவனியுங்கள். இன்ஃப்ராரெட் ரிமோட் டி.வி. ரிமோட் மாதிரிதான். ஹாலுக்குள் நன்றாக வேலை செய்யும், வெயிலில் சிக்னல் தடுமாறும். மொட்டைமாடியிலோ மைதானத்திலோ பறக்கவிட வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் வாங்குங்கள்.

வாங்கும் முன் செக் லிஸ்ட்

- 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் தேடுங்கள்.
- பெட்டியில் உள்ள வயது வரம்பை மதியுங்கள். சுழலும் விசிறி கண்ணில் பட்டால் விபரீதம்.
- உபரி விசிறிகள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் வாரத்திலேயே தேவைப்படும்.
- ஒரு முறை சார்ஜ் போட்டால் சில நிமிடங்கள்தான் பறக்கும். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

பேட்டரியில் அலட்சியம் வேண்டாம்

இவற்றில் இருப்பது பெரும்பாலும் 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. பறந்து முடிந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, ஆறவிட வேண்டும். கூட வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்குவது, மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடுவது இரண்டுமே ஆபத்து. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

எங்கே பறக்கவிடலாம்?

தஞ்சாவூருக்கு ஒரு தனி விஷயம் உண்டு. இங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்களுடன் 'டைகர்ஷார்க்ஸ்' படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. 2021 ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கி.மீ. வரை தரைக்கு மேல் உள்ள வான்பரப்பு முழுவதும் மஞ்சள் மண்டலம். அங்கே அனுமதி இல்லாமல் ஆளில்லா விமானம் எதையும் பறக்கவிடக் கூடாது. சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதியே வேண்டும். 250 கிராம் வரை எடையுள்ள 'நானோ' ரகத்துக்கு பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால், அதற்காக எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் ஏரியா எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஹாலுக்குள் இந்தக் கவலை இல்லை.

கிராமத்தில் என்றால், அறுவடை முடிந்த வயல்தானே என்று இறங்கிவிடாதீர்கள். சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி உளுந்தும் பயறும் விதைத்திருப்பார்கள். ஹெலிகாப்டரைத் தேடி பத்துப் பேர் மிதித்தால் ஒரு குடும்பத்தின் மகசூல் போகும். மின்கம்பி இல்லாத களமோ, பள்ளி மைதானமோ நல்லது. ஆடி மாதக் காற்றில் வேண்டவே வேண்டாம். மற்ற நாள்களில் காற்று அடங்கியிருக்கும் அதிகாலைதான் சரியான நேரம். கம்பியில் மாட்டினால் கொம்பை எடுத்துத் தட்டாதீர்கள். போனால் போகிறது, உயிர் முக்கியம்.

முதல் பாடம் இதுதான்

ஹெலிகாப்டரின் வால் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். முழங்கால் உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்திப் பழகுங்கள். மூக்கு உங்கள் பக்கம் திரும்பினால் இடமும் வலமும் மாறிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இது வெறும் பொம்மை விளையாட்டும் அல்ல. ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் பறக்கவிடுவதற்கு 'எஃப்3சி' என்ற பிரிவில் உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. இதற்குப் பயிற்சி எடுப்பவர்கள் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் நூறு முறை மோதிப் பழகிவிட்டுத்தான் நிஜ ரிமோட்டைத் தொடுகிறார்கள். அந்த வழி நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். கால்பந்து வீரர்கள் முதுகில் அணியும் ஜி.பி.எஸ். கருவியிலும் கைரோ சென்சார் உண்டு. வீரர் எவ்வளவு வேகமாகத் திரும்பினார், உடம்புக்கு எவ்வளவு சுமை என்று பயிற்சியாளருக்கு அது சொல்லும். பொம்மையை நிமிர்த்தி வைப்பதும் வீரரின் அசைவை அளப்பதும் ஒரே தொழில்நுட்பம்தான்.

பொம்மையிலிருந்து வயலுக்கு

ரிமோட் ஹெலிகாப்டரில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார், 2018-ல் சென்னை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது.

டெல்டாவில் இந்த ஆர்வத்துக்கு வேலையும் காத்திருக்கிறது. கைத்தெளிப்பானைச் சுமந்து சேற்றில் நடக்க ஆள் கிடைக்காத நேரத்தில், ட்ரோன் சில நிமிடங்களில் ஓர் ஏக்கருக்கு மருந்தடித்து முடிக்கிறது. மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில், நாடு முழுக்க 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடித்து ட்ரோன் பைலட் சான்றிதழ் பெறலாம்.

எனவே, ஹெலிகாப்டர் விழுந்ததும் "காசு வீணாப்போச்சு" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். உடைந்த விசிறியை மாற்றச் சொல்லிக்கொடுங்கள். ஏன் விழுந்தது என்று சேர்ந்து யோசியுங்கள். தலையாட்டி பொம்மையும் ஒவ்வொரு முறையும் சாய்ந்த பிறகுதான் நிமிர்கிறது!