மேக்ரோ படுத்தும் பாடு – 11: எண்ட் அழுத்திய கை

போன வாரம் கிளாஸ் மாட்யூலில் ‘வித்ஈவன்ட்ஸ்’ போட்டு, ஆட்டோஎக்ஸெக் மேக்ரோ மூலம் அதை வேர்டு அப்ளிகேஷனோடு இணைத்தோம். அதற்கு முந்தைய கதைக்குப் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் டாக்குமென்ட்பிஃபோர்சேவ் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் கடிதங்களில் ஒரே புலம்பல்: காலையில் ஓடியது, மத்தியானம் ஓடவில்லை.

வேர்டு வாயே திறக்காது. பிரிண்ட் கொடுத்தால் பிரிண்ட் வரும். அதற்கு முன்னால் ஓட வேண்டிய உங்கள் சரிபார்ப்பு மட்டும் ஓடியிருக்காது. உடனே எல்லோரும் ஈவன்ட் புரொசீஜரைத் துருவுகிறார்கள். பெரும்பாலும் அங்கே பழுது இருக்காது. அதே டெம்ப்ளேட்டில் சம்பந்தமே இல்லாத இன்னொரு மேக்ரோ, இல்லாத புக்மார்க்கைத் தேடிப் போய் 5941 என்று எர்ரர் காட்டியிருக்கும். வந்த பெட்டியில் டீபக், எண்ட் என்று பொத்தான்கள். அவசரத்தில் எண்டை அழுத்தியிருப்பீர்கள். அவ்வளவுதான், அந்த புராஜெக்டின் மாட்யூல் அளவிலான வேரியபிள்கள் அத்தனையும் காலி. ஈவன்ட்டுகளுக்காகக் காத்திருந்த ஆப்ஜெக்ட்டும் அதில் போயிற்று. ஆட்டோஎக்ஸெக் தானாக மறுபடி ஓட வேண்டுமென்றால் வேர்டை மூடித் திறக்க வேண்டும். கோடில் ‘எண்ட்’ என்று தனி வரி எழுதி மேக்ரோவை முடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதிதான்.

சந்தேகம் வந்தால் விபிஏ எடிட்டரில் கண்ட்ரோல் ஜி அழுத்தி இமீடியட் விண்டோவில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். வேரியபிளை ‘ஆஸ் நியூ’ என்று அறிவித்திருந்தால் (மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்க உதாரணமே அப்படித்தான்), அது நத்திங்கா என்று கேட்ட மாத்திரத்தில் விபிஏ புதிதாக ஒன்றைப் படைத்துவிட்டு, ‘ஃபால்ஸ்’ என்று கூசாமல் பதில் சொல்லும். அதனால் அதற்குள்ளே இருக்கும் அப்ளிகேஷன் வேரியபிள் நத்திங்கா என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும். வைத்தியம்: ஒவ்வொரு மேக்ரோவுக்கும் எர்ரர் ஹேண்ட்லர், கூடவே, இணைப்பை மறுபடி ஏற்படுத்த ஒரு பொத்தான்.

இனி, இந்த வாரம் என்னைப் பிடித்து ஆட்டிய விஷயம். 1995இல் பரவிய ‘கான்செப்ட்’ என்ற வேர்டு மேக்ரோ வைரஸ், எந்த ஈவன்ட்டையும் நம்பியிருக்கவில்லை. நம்ப வழியும் இல்லை. அன்றைய வேர்டு 6இல் இருந்தது வேர்டுபேசிக் மொழி. விபிஏ வந்த வேர்டு 97இலேகூட அப்ளிகேஷன் ஈவன்ட்டுகள் டாக்குமென்ட்சேஞ்ச், க்விட் என்று இரண்டே இரண்டு. மற்றவை வேர்டு 2000இலிருந்துதான் வரத் தொடங்கின. கான்செப்ட் வெறும் பெயரை வைத்தே வேலையை முடித்தது. ‘ஆட்டோஓப்பன்’ என்று ஒரு மேக்ரோ: கோப்பைத் திறந்ததும் நார்மல் டெம்ப்ளேட்டுக்குள் தொற்றிக்கொள்ளும். ‘ஃபைல்சேவ்ஆஸ்’ என்று இன்னொன்று: வேர்டின் சொந்தக் கட்டளையின் பெயரையே சூட்டிக்கொண்டதால், சேவ் ஆஸ் கொடுக்கும்போதெல்லாம் அசலுக்குப் பதில் அதுதான் ஓடும், புதுக் கோப்புக்கும் தொற்றும். முதல் முறை தொற்றும்போது ‘1’ என்ற எண்ணோடு ஒரு பெட்டி வரும். ‘பேலோட்’ என்ற மேக்ரோவில் நாசவேலை ஏதும் இல்லை; ஒரு குறிப்பு மட்டும். வேர்டுபேசிக் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் விண்டோஸ், மேக் பேதமும் பார்க்கவில்லை. மைக்ரோசாஃப்டே அனுப்பிய ஒரு சிடியிலும் அது ஏறியிருந்ததுதான் உச்சம்!

அந்தத் தந்திரம் இன்றும் செல்லும். உங்கள் டெம்ப்ளேட்டில் ‘ஃபைல்சேவ்’ என்று ஒரு மேக்ரோ எழுதிவிட்டு கண்ட்ரோல் எஸ் அழுத்திப் பாருங்கள். நடுவில் எண்டை எத்தனை முறை அழுத்தினாலும் அது சாகாது. பிடித்து வைத்திருக்க வேரியபிளே இல்லையே, எது காலியாகும்?

அப்படியானால் கிளாஸ் மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கோப்பை மூடும்போது ‘சேமிக்கட்டுமா’ என்று வேர்டு கேட்டு, நீங்கள் ஆம் சொன்னால், அந்தச் சேமிப்பு ஃபைல்சேவ் வழியாக வராது. டாக்குமென்ட்பிஃபோர்சேவ்தான் அதைப் பிடிக்கும். அதையும், சேமித்து முடித்த பிறகு ஓடும் ஈவன்ட் ஒன்று வேர்டில் ஏன் கண்ணுக்கே அகப்படவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கான சுற்றுவழியையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)