800 மீட்டர் ஓடினால் சீக்கிரம் கிழவியாகிவிடுவார்களாமே, தெரியுமா?

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம்! ஓடியவர்கள் சுருண்டு விழுந்தார்கள், இப்படி ஓடினால் சீக்கிரமே முதுமை வந்துவிடும் என்றெல்லாம் பத்திரிகைகள் அலறின. உண்மை என்ன தெரியுமா? இறுதி ஓட்டத்தில் இறங்கிய 9 பேருமே ஓடி முடித்தார்கள்! ஆனாலும் தடை. எத்தனை ஆண்டு? 32!

அதில் வெள்ளி வென்றவர் ஜப்பானின் ஹிதோமி கினுவே. 100 மீட்டரில் தோற்ற ஆத்திரத்தில் 800-இல் குதித்தவர்! அந்த ஓட்டம் நடந்தது ஆகஸ்ட் 2. சரியாக மூன்றே ஆண்டு கழித்து, 1931-இல் அதே ஆகஸ்ட் 2 அன்று இறந்துபோனார். வயது 24தான்!

சரி, நம்ம ஆளுங்க? 1964 டோக்கியோவில்தான் பெண்கள் 400 மீட்டரே ஒலிம்பிக்குக்கு வந்தது. அந்த முதல் ஓட்டத்திலேயே மலேசியாவின் எம்.ராஜாமணி இருந்தார், தெரியுமா? மறு ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப (சீப்) விளையாட்டில் 200, 400, 800, தொடர் ஓட்டம் என 4 தங்கம்! கிழவியாகவில்லை, நாட்டின் சிறந்த வீராங்கனை ஆனார்! 1966-இல் அந்த விருது தொடங்கியபோது முதலில் பெற்றவர் இவர்தான்.

ஆண்களில் முதல் விருது யாருக்கு? அதுவும் ஒரு தமிழருக்கே! பேராக் கோலகங்சாரில் பிறந்த எம்.ஜெகதீசன். அதே ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் 3 தங்கம் அள்ளிய 'பறக்கும் டாக்டர்'! ஆமாம், நிஜ டாக்டர். பட்டப்பெயருக்காகச் சொன்னதல்ல!

  

800 மீட்டரில் ஆசியாவையே ஜெயித்த மலேசியத் தமிழர் யார் தெரியுமா? பி.ராஜ்குமார்! 1985 ஜகார்த்தா, 1 நிமிடம் 47.37 விநாடி. 30 ஆண்டு ஓடியும் அந்தத் தேசியச் சாதனையை அசைக்க ஆளில்லாமலே இருந்தது!

ஜெகதீசனின் 200 மீட்டர் சாதனை அதற்கும் மேலே! 1968 மெக்சிகோவில் 20.92 விநாடி. முறியடித்தவர் கைருல் ஹஃபிஸ், 2017-இல். 49 ஆண்டுக் காத்திருப்பு! எவ்வளவு வித்தியாசத்தில் தெரியுமா? 0.02 விநாடி! கண்ணிமைக்கவே இதைவிட அதிக நேரம் பிடிக்கும்!